நாலாம் விரலும் மூன்றாம் ஷட்டரும்

விடியற்காலை நாலரைக்கு
எனக்கு முன்னே எழுந்துவிடும் விரல்.
வலது கை, மோதிர விரல்.
யாருக்கும் தராத சில்லறையைப் பொத்தியதுபோல்
உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும்.
இடது கையால் பிடித்து நிமிர்த்தினால்
'டொக்'.
அடுத்த பாயில் மகள் புரள்வாள்:
"மறுபடியுமா?"

நான் ரெகுலேட்டர் லஸ்கர்.
அவர் போனபின் கருணை அடிப்படையில் வந்த வேலை.
ஐந்து ஷட்டர், ஐந்து சக்கரம், ஒரு நோட்டு.
ஜூனில் மேட்டூர் திறந்து
நுரையும் மட்டையும் ஒற்றைச் செருப்பும் முன்னே வர
பின்னே வந்தது வெண்ணாற்றில் தண்ணீர்.
போனில் ஜே.இ.:
"ராசகிளி, மூணை ஒரு அடி தூக்கு."

மூணு எப்போதும் ஏழாவது சுற்றில் சிக்கும்.
மூச்சைப் பிடித்து இழுத்தேன்.
ஷட்டர் திறந்தது,
விரல் திறக்கவில்லை.
சக்கரத்தைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு
நின்றேன், கீழே தண்ணீர் இரைய.

வாயு, என்றார் டீக்கடை சபாபதி.
நரம்பு சுருண்டுபோச்சு, என்றாள் நடவு மேஸ்திரி அஞ்சம்மாள்.
சுடுதண்ணீரில் கையை வைத்தேன்;
ஆறும்வரை சொன்னபடி கேட்டது.
ரவிக்கைக் கொக்கி போட மகளைக் கூப்பிட்டேன்.
சோற்றை ஸ்பூனால் தின்றேன்.
நோட்டில் என் கையெழுத்து
'ராசகி'யோடு நின்றது, 'ளி' சுழிய மறுத்து.

மன்னார்குடி ஜி.எச்., ஓ.பி. சீட்டு நூற்றுப் பன்னிரண்டு.
டாக்டர் தாஹிரா விரலின் அடியில் அழுத்தினார்.
உள்ளே உளுந்தளவு ஒரு முடிச்சு
நகர்ந்தது. எனக்கே தெரிந்தது.
"டிரிக்கர் ஃபிங்கர். துப்பாக்கி விசை மாதிரி."
"நான் தீபாவளிக்குக்கூட துப்பாக்கி பிடிச்சதில்ல டாக்டர்."
சிரித்து, சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
ஒரு கயிறு. அது நுழைந்து போகும் வளையங்கள்.
"இது நரம்பில்ல, தசைநாண்.
முதல் வளையம் தடிச்சிருக்கு, கயிறும் வீங்கியிருக்கு.
உள்ள போகுது, வெளிய வரமாட்டேங்குது."
"கிரீஸ் வச்சா?"
"ஊசிதான் கிரீஸ். ஆனா உங்களுக்குச் சர்க்கரை இருக்கு,
நாலு நாள் ஏறும். பாத்துக்கணும்."
"கேக்கலன்னா?"
"அந்த ஒரு வளையத்தை வெட்டிவிடலாம்.
கயிறு அவிழ்ந்துடாது. மிச்ச வளையங்கள் பிடிச்சுக்கும்."

ஊசி உள்ளங்கையில் இறங்கி
உச்சந்தலையில் ஏறியது.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
என் சர்க்கரையை எழுதினேன், நீர்மட்டம்போல:
இருநூற்றுப் பத்து. இருநூற்று எழுபது. இருநூற்று அறுபது.
பிறகு வடிந்தது.

குறுவை அறுப்புவரை விரல் விரலாயிருந்தது.
தாளடி நடவில் ஒரு நாள், குடை விரிக்கையில்,
'டொக்'.
இரவுக்கு ஒரு பட்டி கொடுத்தார்கள்,
ஐஸ் குச்சியைச் சேர்த்துக் கட்டியதுபோல்.
"எப்ப ஆபரேஷன் வச்சுக்கலாம்?"
"மேட்டூர் மூடட்டும் டாக்டர்."

பிப்ரவரியில் ஆறு மணலாகி
ஆடுகள் குறுக்கே நடந்தன. படுத்தேன்.
மரத்துப்போன கை, விழித்திருக்கும் நான்,
நடுவே ஒரு பச்சைத் துணி.
இத்தனை வருஷத்தில் முதல் முறை
எனக்காக ஒரு ஷட்டரை
வேறொருவர் திறந்தார்.
"மடக்குங்க."
மடக்கினேன்.
"விரிங்க."
காதைத் தீட்டிக்கொண்டு விரித்தேன்.
சத்தமே இல்லை.
"அவ்வளவுதாம்மா" என்றபோது
சுவர்க்கடிகாரத்தில் பத்து நிமிஷம்கூட நகரவில்லை.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.
தழும்பு ஒரு நெல் நீளம்; அழுத்தினால் இன்னும் வலிக்கிறது.
'ளி' சுழிகிறது, கொஞ்சம் பெரிதாகவே.
மூன்றாம் ஷட்டருக்கு கிரீஸ் கேட்டு எழுதியிருக்கிறேன்,
பதில் வரவில்லை.

நாலரைக்கு இன்றும் விழிப்பு வந்தது.
இருட்டில் இடது கை தானாகப் போய்
வலது கையைத் தேடியது.
அங்கே எதுவும் மடங்கியிருக்கவில்லை.
வந்ததற்கு
சும்மா பிடித்துக்கொண்டு கிடந்தது.